பார்ட்ஸ் வரணும்

அருப்புக்கோட்டைப் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மதார் மைதீன் வைத்திருக்கும் வாட்ச் கடை மேல் சித்திரைக் கடைசியில் வந்து விழுந்த விமான நிழல், ஆடி பிறந்த பிறகும் நகராமல் கிடந்தது. இடது இறக்கை மருந்துக் கடையின் தகரத்தைத் தொட்டது. வலது இறக்கை பொன்னுச்சாமியின் டீக்கடையைத் தாண்டி சைக்கிள் நிறுத்துகிற இடம் வரைக்கும் போனது. வால், கட்டணக் கழிப்பறையின் சுவரில் ஏறி மடங்கியிருந்தது. அண்ணாந்து பார்த்தால் மேலே ஒன்றும் கிடையாது. வெள்ளை வெயிலும் ஒன்றிரண்டு பருந்தும்தான். சூரியன் கிழக்கே இருந்தாலும் மேற்கே இறங்கினாலும் நிழல் இம்மி அசையவில்லை. அந்த வெயிலில் இப்படி ஒரு நிழல் கிடைத்தால் அது எங்கிருந்து விழுகிறது என்று யாரும் ஆராய்ந்துகொண்டிருப்பதில்லை. துண்டை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். அருப்புக்கோட்டையும் அதைத்தான் செய்தது.

நிழலைக் கொண்டுவந்தவர் பரளச்சிப் பக்கத்தில் கரிமூட்டம் போடுகிற பாலையா. தண்ணீர் பார்த்து வருசக்கணக்கான ஒரு கண்மாயில் சீமைக் கருவேலத்தை வெட்டி, அடுக்கி, மண் பூசித் தீ வைத்துக் கரியாக்குவது அவருடைய வேலை. யுத்த காலத்தில் அந்தக் கண்மாயில் ஒரு விமானம் விழுந்ததாகச் சொல்வார்கள். விழுந்த வாரத்திலேயே சுற்றுப்பட்டி சனம் தகட்டைப் பிரித்துக்கொண்டு போய்ப் பானை மூடி அடித்துக்கொண்டது. சில வீடுகளில் இன்றைக்கும் கஞ்சிப் பானையை அந்த மூடிதான் மூடுகிறது. ஓட்டிவந்த ஆள் மட்டும் தேடித் தேடியும் கிடைக்கவில்லை. விமானம் விழுந்துச்சு, ஆளு விழல என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிட்டார்கள். பாலையா ஒரு தூரைக் கடப்பாரை போட்டு நெம்பியபோது வேருக்கு நடுவில் அந்த வாட்ச் இருந்தது. கனத்த கோட்டுக்கு மேலே கட்டுகிறாற்போல நீளமான தோல்வார், கறுப்பு முகம், பெரிய எண்கள், பன்னிரண்டுக்குக் கீழே ஓர் அம்புக்குறி. வேட்டியில் துடைத்துச் சாவி கொடுத்தார். ஓடியது. அது ஓடிய அதே நேரத்தில் வெறும் வானத்தில் ரைஸ் மில் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. விமானம் ஒன்றின் நிழல் கண்மாய்க் கரையைத் தாண்டி வந்து, ஆடுகளைச் சிதறடித்துவிட்டு, வட்டம் போட்டுத் திரும்பியது.

அங்கேதான் தவறு நடந்தது. கரிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மூட்டம் பிரித்ததும் ஒரு துண்டை எடுத்து இன்னொன்றின் மேல் தட்டுவார்கள். கணீர் என்றால் வெந்த கரி. மொத்தென்றால் வேகாத கட்டை. வருசக்கணக்காகத் தட்டித் தட்டி, எதைக் கையில் எடுத்தாலும் தட்டிப் பார்க்காமல் அவர்களால் இருக்க முடியாது. பாலையா தேங்காயைத் தட்டுவார், செம்பைத் தட்டுவார், மருமகன் வாங்கிக் கொடுத்த செல்போனை வாங்கிய அன்றைக்கே தட்டினார். வாட்ச் ஓடுகிற சந்தோசத்தில் அதையும் கடப்பாரையில் ஒரு தட்டு தட்டினார். முள் நின்றது. மேலே சத்தம் நின்றது. நிழல் அவர் தலைக்கு மேலே வந்து, கயிற்றில் கட்டிய கிடாய் மாதிரி நின்றுகொண்டது. ஆள் தகனமாகிக்கொண்டிருக்கும் வெயிலில் அவருக்குப் பல் கிட்டியது. அது விமானம் பறக்கிற உயரத்துக் குளிர்.

மறுநாள் அவர் பஸ் ஏறியபோது நிழலும் பஸ்ஸோடு வந்தது. பயணிகள் குளிரில் சேலைத் தலைப்பையும் துண்டையும் இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். கண்டக்டர் உக்கிரபாண்டி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் தரையைப் பார்த்தார், பிறகு பாலையாவின் கையைப் பார்த்தார்.

“யோவ் பெரியாளு, மேல ஒருத்தர் வாராரு போலயே. அவருக்கும் சேத்து டிக்கெட் எடு.”

“அவரு எங்கய்யா உக்காந்தாரு? நின்னுக்கிட்டுல்ல வாராரு.”

“நிக்கிறவனுக்கு டிக்கெட் இல்லன்னா இந்தப் பஸ்ஸுல முக்காவாசிப் பேரு சும்மா வரணும். எடுய்யா.”

மதார் மைதீன் வீரசோழன்காரர். வாலிபம் முழுவதையும் ஷார்ஜாவில் ஒரு கடிகாரக் கடையில் கழித்தவர். அந்தக் காலத்தில் வளைகுடாவுக்கு ஆள் போன வீடுகளில் இருக்கிற மாதிரி அவர் வீட்டிலும் சுவரில் இரண்டு கடிகாரம் தொங்கியது. ஒன்று ஊர் நேரம். இன்னொன்று ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடும், அது அவருடைய நேரம். மனைவி ரஹ்மத் நிஷா அந்த இரண்டாவது கடிகாரத்தைப் பார்த்துத்தான் இந்நேரம் அவுக எந்திரிச்சிருப்பாக, இந்நேரம் சாப்பிட்டிருப்பாக என்று குடும்பம் நடத்தினார். மதார் மைதீன் ஒரேயடியாக ஊர் திரும்பிய பிறகும் ரஹ்மத் நிஷா அந்தக் கடிகாரத்தைக் கழற்றவில்லை. எதிரே ஆள் உட்கார்ந்து சாப்பிடும்போதே அதை நிமிர்ந்து பார்ப்பார். பிறகு மகன் சபீருக்கு அதே ஷார்ஜாவில் வேலை கிடைத்தது, பிள்ளை பிறந்தது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ரஹ்மத் நிஷா போனார். பெருநாளைக்கு வாரேன் என்றுதான் போனார். இப்போது அந்த இரண்டாவது கடிகாரம் ரஹ்மத் நிஷாவுடைய நேரத்தைக் காட்டிக்கொண்டு ஓடுகிறது. மதார் மைதீன் காலையில் பஸ் ஏறிக் கடைக்கு வருவார், சாயங்காலம் பஸ் ஏறி வீட்டுக்குப் போவார். பிற்பகலில் அஸர் தொழுகை முடிந்ததும் போன் வரும். சாப்ட்டீகளா என்று அந்தப் பக்கம் கேட்கும். ஆச்சு என்று இந்தப் பக்கம் சொல்லும். அப்புறம் இரண்டு பேரும் ஒருத்தர் மூச்சை ஒருத்தர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிடுவார்கள்.

“ஓட வச்சிருங்க பாய்,” என்றார் பாலையா, வாட்சைக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்து. “நான் தட்டுனதுதான். பாவம், அந்தரத்துல நிக்கிறாரு.”

மதார் மைதீன் லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டார். பின்மூடியைத் திருகிக் கழற்றினார். உள்ளே இரும்பில் இன்னொரு மூடி இருந்தது. விமானத்துக் காந்தம் உள்ளே போகாமலிருக்க அப்படிப் போடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அந்த மூடியைத் தூக்கியதும் சில்லென்று ஒரு மூச்சு வெளியே வந்து லென்ஸில் படிந்தது. துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். முதலில் சுருள்வில்லில் மிச்சமிருந்த முறுக்கை மெள்ள இறக்கினார். முறுக்கோடு ஒரு கடிகாரத்தைப் பிரித்தால் பல்சக்கரம் தெறித்துவிடும். பிறகு முட்களை எடுத்தார், டயலை எடுத்தார், சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பீங்கான் தட்டில் வைத்து மூடினார். கண்மாய் வண்டல், சக்கர அச்சுகள் சுழலும் கல் துளைகளில் கறுப்பாக உறைந்திருந்தது. தீக்குச்சியைக் கூராகச் சீவி அதை நோண்டி எடுத்துப் பெட்ரோலில் அலசினார். கடைசியாக, முடியைவிட மெல்லிய சுருளோடு இடமும் வலமுமாக ஆடி முள்ளை ஓடவைக்கும் பேலன்ஸ் சக்கரத்தைத் தூக்கியபோது மேலே யாரோ இருமினார்கள். வறட்டு இருமல். பாலையா இரண்டு கையையும் கூப்பி மேலே பார்த்தார். பேலன்ஸ் அச்சின் நுனி ஒடிந்திருந்தது. தட்டு வாங்கினால் ஒடிகிற இடம் அதுதான்.

அப்படிப்பட்ட வாட்ச் ஷார்ஜாவில் அவர் கைக்கு நிறைய வந்திருக்கிறது. ஒன்றுக்கும் ஆகாதவற்றைப் பிரித்து அச்சுகளைப் பொட்டலம் கட்டி ஒரு பால்பவுடர் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அன்றைக்குச் சாயங்காலமே டப்பாவைத் திறந்தார். சரியான அச்சு மூன்றாவது பொட்டலத்தில் இருந்தது. இடுக்கியில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். அந்த நேரத்தில் பொன்னுச்சாமி தன் கடை பெஞ்சைத் தரதரவென்று இழுத்துவந்து வாட்ச் கடை வாசலில் போட்டார். வாடிக்கைக்காரர்கள் எல்லாம் நிழலின் அகலமான நடுப்பகுதிக்கு நகர்ந்துவிட்டதால் அவருக்கு வேறு வழியில்லை. போட்டுவிட்டு, கேட்காமலே ஒரு டீயை உள்ளே நீட்டினார். இந்தாங்க பாய், தனியா உக்காந்து என்ன பண்றீக, இங்கிட்டு வாங்க என்றார். மதார் மைதீன் அச்சைப் பொட்டலத்தில் மடித்து, டப்பாவை மூடி, டீயை வாங்கிக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தார்.

மறு வாரம் கரி லோடு ஏற்றிவிட்டு பாலையா வந்தார். பார்ட்ஸ் வரணும், மதுரையில சொல்லியிருக்கேன் என்றார் மதார் மைதீன். அதற்கடுத்த வாரமும் வந்தார். பார்ட்ஸ் வரணும். அக்னி நட்சத்திரம் கொளுத்தியெடுத்த நாட்களில் அந்த நிழலுக்கு அடியில் உட்கார இடமில்லை. மருந்துக் கடைக்கு வந்த கர்ப்பிணிகள் அங்கே இளைப்பாறிவிட்டுப் போனார்கள். லோடுமேன்கள் படுத்துத் தூங்கினார்கள். வீட்டில் கன்னடமும் வெளியே தமிழும் பேசுகிற நெசவுக்கார அம்மாள் கோகிலாம்பாள் தன் ராட்டையையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வெயில் காலத்தில் நூல் காய்ந்து காய்ந்து அறுந்துபோகும். நிழலின் ஈரக் குளிரில் ஓர் இழைகூட அறவில்லை. ஆடுபுலி ஆட்டம் போட ஆள் சேர்ந்தது. வீட்டில் மீன் எடுத்தவர்கள் பாய்க்கு ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஊர் திரும்பிய நாளிலிருந்து மதார் மைதீன் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிட்டது அந்தக் கோடையில்தான். அவர் சிரித்தால் மேல்வரிசையில் ஒரு பல் இல்லை என்பதே பொன்னுச்சாமிக்கு அப்போதுதான் தெரிந்தது.

மேலே நின்றவரும் சும்மா இல்லை. முதலில் சீட்டியடித்துப் பாடினார். யாருக்கும் தெரியாத மெட்டு. கொஞ்ச நாளில் லோடுமேன்கள் அதை விசிலடித்துக்கொண்டு மூட்டை தூக்கினார்கள். சில சமயம் சிகரெட் சாம்பல் உதிர்ந்தது. ஒருநாள் வெயில் நேரத்தில் நாலைந்து சொட்டு விழுந்தது. மழை என்று கோகிலாம்பாள் ராட்டையை மூடினார்.

“மழை என்னைக்கு ஆத்தா வெதுவெதுன்னு விழுந்துச்சு?” என்றார் பொன்னுச்சாமி, டீப் பட்டறையைத் தள்ளிப் போட்டபடி. “நின்னது நின்னபடி அந்த மனுசன் எங்கதான் போவாரு? பக்கத்துலயே கக்கூஸு இருந்து என்ன செய்ய, எறங்க முடியலையே.”

எல்லோரும் சிரித்தார்கள். ஆனியில் சீட்டி நின்றுபோனது. இருமல் மட்டும் இருந்தது. பகலில் பேச்சுச் சத்தத்தில் அது கேட்காது. ஆட்டம் ஓய்ந்து, ஆட்கள் கலைகிற நேரத்தில் கேட்கும். யாரு பெத்த பிள்ளையோ என்பார் கோகிலாம்பாள். மதார் மைதீன் கடைக்குள் எழுந்து போய் எதையாவது துடைப்பார். பாலையா இப்போதெல்லாம் பெஞ்சில் உட்காருவதில்லை. நிழலுக்கு வெளியே வெயிலில் நின்று வந்துச்சா பாய் என்று கேட்பார், இல்லை என்றதும் போய்விடுவார். ஒருமுறை மட்டும் நின்று, பாய், நான் மூட்டத்துக்குள்ள காத்து போகாம மண்ணு பூசும்போது இவரு நெனப்பு வருது பாய் என்றார்.

ஆடி பிறந்த வாரம் அஸருக்குப் பின் போன் வந்தபோது மேலே இருமல் விடாமல் கேட்டது.

“ஏங்க, என்ன இப்பிடி இருமுறீக? டாக்டர்கிட்டக் காட்டுனா என்ன?”

“நான் இருமல. மேல ஒருத்தர்.”

“மேல யாரு?”

மதார் மைதீன் எல்லாவற்றையும் சொன்னார். அவர்கள் அவ்வளவு நேரம் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது. ரஹ்மத் நிஷா அதிசயப்படவில்லை. வெறும் குரலோடு அத்தனை வருசம் குடும்பம் நடத்திய பெண்ணுக்கு, ஆள் இல்லாமல் நிழல் மட்டும் நிற்பது பெரிய விசயமாகப் படவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்.

“எப்ப எறங்குவாரு?”

“பார்ட்ஸ் வரணும்.”

அந்தப் பக்கம் பேரப்பிள்ளை பார்க்கிற டிவி ஓடிக்கொண்டிருந்தது.

“எனக்கும் இப்பிடித்தான சொன்னீக,” என்றார் ரஹ்மத் நிஷா. “விசா மாத்தணும். மொதலாளி ஊர்ல இல்ல. பெருநா முடியட்டும். ஒங்க மொதலாளி வருசா வருசம் ஒங்கள ஊருக்குப் போகச் சொன்னாருன்னு சபீருக்கு இங்கன யாரோ சொல்லியிருக்காக. நான் கேக்கல. வயசாகிப்போச்சு. இதை மட்டும் சொல்லுங்க, பார்ட்ஸு இருக்கா இல்லையா?”

ஷார்ஜாவில் அவர் தங்கியிருந்த அறையில் அடுக்குக் கட்டில்கள் இருந்தன. ஒருவர் இருமினால் நாலு கட்டிலிலிருந்து என்ன பாய் என்று கேட்பார்கள். ஊரில் இருந்த வீட்டைவிட அந்த அறை அவருக்குப் பழகிப்போயிருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

“அவருக்கும் எங்கிட்டாச்சும் ஒரு வீடு இருக்குமுல்ல,” என்று சொல்லிவிட்டு ரஹ்மத் நிஷா போனை வைத்தார்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை மதார் மைதீன் ஜும்மா தொழுகை முடிந்து வந்து, தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு, பால்பவுடர் டப்பாவை எடுத்து எல்லோரும் பார்க்கக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தார். பொன்னுச்சாமி பார்த்தார்.

“வந்திருச்சா?”

“இருந்துச்சு.”

பொன்னுச்சாமி வாசல் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, ஆடிக் காத்து அடங்கட்டும் பாய், இம்புட்டு நாளு நின்னவரு இன்னும் ஒரு வாரம் நிக்க மாட்டாராக்கும் என்றார். மதார் மைதீன் லென்ஸை மாட்டினார். புது அச்சில் சக்கரத்தை ஏற்றித் தட்டிப் பூட்டினார். சுருளை நேராக்கினார். சுருள்வில் உருளை, பல்சக்கரங்கள், நெம்பு, எல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே போயின. கல் துளைகளுக்கு ஊசி நுனியில் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் வைத்தார். லேசாகச் சாவி கொடுத்துவிட்டுப் பேலன்ஸை இறக்கினார். அது தானாக ஒருமுறை ஆடியது, பிறகு விடாமல் ஆடத் தொடங்கியது. மேலே ரைஸ் மில் சத்தம் எழுந்தது. கழிப்பறைச் சுவரிலிருந்து வால் வழுக்கி இறங்கியது. நிழல் பேருந்து நிலையத்தின் மேலே ஊர்ந்து, பஞ்சுக் கிட்டங்கிக் கூரை ஏறி, தெற்கே போய்விட்டது. அது இருந்த இடத்தில் வெயில் மூட்டை சாய்ந்த மாதிரி விழுந்தது. கோகிலாம்பாள் கையில் நூல் பட்டென்று அறுந்தது. லோடுமேன்கள் துண்டை உதறி எழுந்தார்கள். யாரும் கோபப்படவில்லை, யாரும் உட்காரவும் இல்லை. டீ ஆறுவதற்குள் வாசல் காலியாகிவிட்டது. பொன்னுச்சாமி பெஞ்சை இழுத்துக்கொண்டு போனார். மதார் மைதீன் டயலை ஊதிப் பதித்து, முட்களைப் பொருத்தி, இரும்பு மூடியைப் போட்டு, பின்மூடியைத் திருகினார். அதுவரை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பாலையா வந்து வாட்சை வாங்கிக் காதில் வைத்தார். ஓடுவதைக் கேட்டதும் அவருக்குக் கண் கலங்கியது.

“தட்டிறாதீக.”

“தட்டுவனா பாய்? ஆனா இந்தக் கை சொன்ன பேச்சுக் கேக்காது.”

அதற்கு அவர் மனைவி முத்துமணி வழி செய்தார். வேலைக்குப் போகும்போது வாட்சைப் பழைய சேலைத் துணியில் சுற்றி, பாலையாவின் முழங்கைக்கு மேலே, தட்டுக்கு எட்டாத இடத்தில் கட்டிவிடுகிறார். காலையில் சாவி கொடுப்பது மட்டும் பாலையா. ஒருநாளும் தவறியதில்லை.

விமானம் ஊர் போய்ச் சேரவில்லை. பரளச்சி, வீரசோழன், திருச்சுழி, அருப்புக்கோட்டை என்று பெரிய வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. மிளகாய்ப் பழம் எடுக்கிற பெண்கள் நிழல் தங்கள் பாத்திமேல் வரும்போது முதுகை நிமிர்த்திக்கொள்கிறார்கள். கண்டக்டர் உக்கிரபாண்டி அது தாண்டிய பிறகுதான் விசில் கொடுக்கிறார். வாட்ச் கடை மேல் அஸருக்குப் பிறகு வரும், ஒரு டீ குடிக்கிற நேரம் இருக்கும், போகும். ஓடத்தான செய்யிது, அப்புறம் ஏன் எறங்க மாட்டேங்கிறாரு என்று பொன்னுச்சாமி ஒருநாள் கேட்டார். ரொம்ப நாளு வெளிய இருந்தவனுக்கு எறங்குறது லேசுல்ல என்றார் மதார் மைதீன்.

இருமல் மட்டும் போகவில்லை. போனில் அது ரஹ்மத் நிஷாவுக்கும் கேட்டது.

“சுக்கும் மிளகும் தட்டிப் போட்டு, கருப்பட்டி போட்டுக் காச்சிக் குடுங்க.”

“எங்கன வச்சுக் குடுக்க?”

“மேலதான் வைக்கணும். மேல இருக்கவருக்குக் கீழயா வைப்பாக?”

மறுநாள் மதார் மைதீன் வீட்டிலேயே காய்ச்சி ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்தார். ஸ்டூலில் ஏறி, கடைத் தகரத்தின் மேல் ஒரு டம்ளரில் ஊற்றி வைத்தார். நிழல் வந்து போன பிறகு ஏறிப் பார்த்தால் டம்ளர் காலி. தொட்டால் ஐஸ் மாதிரி இருந்தது. காக்கா குடிச்சிருக்கும் என்றார் பொன்னுச்சாமி. குடித்திருக்கலாம். ஆனால் டம்ளர் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மணல் விழாமலிருக்க, குடித்தவர் டம்ளரைக் கவிழ்த்து வைக்கவேண்டும் என்பது ஷார்ஜா அறையில் இருந்த சட்டம்.

இப்போதெல்லாம் ரஹ்மத் நிஷா போனில் முதலில் கேட்பது மேலே இருப்பவரைப் பற்றித்தான். குடிச்சாரா என்பார். குடிச்சாரு என்பார் மதார் மைதீன். நீங்க என்பார். இனிமேத்தான் என்று சொல்லி, ஃபிளாஸ்க்கில் மிச்சம் இருப்பதை மூடியில் ஊற்றி, போனை வைக்காமல் குடிப்பார். குடித்து முடித்ததும் மூடியைக் கவிழ்த்து வைப்பார்.